மெலிசான டார்ச்சில் 21700 பேட்டரி போட முடியுமா?

சென்னை காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவர் நீங்கள். டார்ச் சட்டைப் பையில் மெலிசாக நிற்க வேண்டும், ஆனால் 21700 பேட்டரிதான் வேண்டும் என்கிறீர்கள். இரண்டும் முட்டுகிறதே! அந்தச் செல்லே 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். அதன்மேல் அலுமினியக் குழாயும் வர வேண்டும்.

என்னைக் கேட்டால் 18650 என்ற சிறிய பேட்டரிக்கு இறங்குங்கள். விட்டம் 3 மி.மீ. குறையும், எடையும் இருபது கிராமுக்கு மேல் குறையும். நல்ல செல் பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு வரை தரும். பெரும்பாலான 21700 தருவது 5000 வரை. மீன் பார்க்க 150 லூமன் வெளிச்சம் போதும், அதற்கு 18650 மணிக்கணக்கில் தாங்கும். 21700தான் என்றால் தலை உப்பாமல், உடம்பும் தலையும் ஒரே அகலமாக இருப்பதைத் தேடுங்கள். பையில் உறுத்துவது பெரும்பாலும் தலைதான். தட்டை டார்ச் வேண்டாம். பெரும்பாலும் அதில் பேட்டரி உள்ளேயே பொதிந்திருக்கும்; அது செத்தால் டார்ச்சும் குப்பைக்குத்தான்.

பாரிமுனை நடைபாதையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த 18650 கிடைத்தால் தொடாதீர்கள். அந்த அளவில் அவ்வளவு கொள்ளளவு இல்லவே இல்லை. கையில் எடுத்தாலே லேசாக இருக்கும்.

அப்புறம் உப்புக் காற்று. வாரம் ஒருமுறை வால்மூடியைக் கழற்றி, மரையைத் துடைத்து, ரப்பர் வளையத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் அந்த மாடலே வேண்டாம். மாற்றுச் செல்லைச் சில்லறையோடு பையில் போடாதீர்கள், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்; பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.