பத்து மணிக்குள் ஒரு நோட்டீஸ்

அன்புள்ள ஐயா,
2018 மார்ச்சில் மத்திய அரசு மீது தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ் கொடுத்தன. ஐம்பது பேர் ஆதரவு இருந்தால் எடுத்தே ஆகவேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம். ஏன் அப்போது விவாதத்துக்கே வரவில்லை?
சட்ட மாணவி, திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த ஐம்பது பேர் அவையில் எழுந்து நிற்கவேண்டும். வில்லங்கம் முழுக்க அங்கேதான்.

நோட்டீஸ் கொடுப்பது சுலபம். மக்களவை விதி 198-இன்படி ஒரே ஒரு உறுப்பினர் போதும். அமைச்சரவை மீது இந்த அவைக்கு நம்பிக்கை இல்லை என்று ஒற்றை வரி, காரணம்கூட எழுதவேண்டாம். காலை 10 மணிக்குள் அவையின் பொதுச்செயலாளரிடம் சேரவேண்டும். தாண்டினால் அடுத்து அவை கூடும் நாளின் கணக்கு. நோட்டீஸ் முறையாக இருந்தால் சபாநாயகர் அதை வாசித்து, ஆதரிப்பவர்களை அவரவர் இடத்தில் எழச் சொல்வார். ஐம்பது பேர் எழுந்தால் அனுமதி, பத்து நாளுக்குள் விவாதம்.

அந்த மார்ச்சில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக உறுப்பினர்கள் நாள்தோறும் அவையின் நடுவே இறங்கி முழக்கமிட்டார்கள். அவை ஒழுங்கில் இல்லை, தலையெண்ண முடியாது என்று சொல்லி சபாநாயகர் சுமித்ரா மகாஜன் ஒத்திவைத்துக்கொண்டே போனார். எதிர்க்கட்சியினர் எண் எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கூடக் காட்டினார்கள். பலனில்லை. ஏப்ரல் 6-ஆம் தேதியோடு அமர்வுகள் முடிந்தன.

கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் நிலுவையில் உள்ள இத்தகைய நோட்டீஸ்கள் காலாவதியாகிவிடும். அதனால் ஜூலையில் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். 18-ஆம் தேதி அனுமதி கிடைத்தது, 20-ஆம் தேதி விவாதம். ஆதரவு 126, எதிர்ப்பு 325.

காவிரிக்காக நின்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் கேட்டுத்தான் நின்றார்கள். ஆனால் கூச்சல் இருக்கும்வரை எண்ணமாட்டோம் என்றால், யார் கூச்சலிட்டாலும் அரசு பதில் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றாகிறது. அது எனக்குப் பெரும் வருத்தம். உறுப்பினர்களின் இருக்கைகளில் வாக்களிக்கும் பொத்தான் இருக்கிறது. விதி 198-இல் 'எழுந்து நின்றால்' என்பதோடு 'அல்லது பொத்தானை அழுத்தினால்' என்று சேர்த்துவிட்டால் போதும்.