பட்டத்தின் பெயரில் இல்லாத நுண்ணுயிரியல்

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிக்க வேண்டும் என்கிறாள். சென்னையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி என்றே பட்டப்படிப்பு இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. மருத்துவம் கிடைக்காதவர்கள் எடுக்கும் படிப்பு என்று உறவினர்கள் வேறு சொல்கிறார்கள். இதைப் படித்தால் சிங்கப்பூரில் என்ன வேலை கிடைக்கும்?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் என்றும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் அறிவியல் என்றும் இருக்கும் பட்டப்படிப்புகளுக்குள்தான் நுண்ணுயிரியல் அடங்கியிருக்கிறது. பெயரைத் தேடாமல் பாடப்பட்டியலைப் பாருங்கள்.

உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நோயாளியின் இரத்தத்தில் வளர்ந்த கிருமி எது, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அது கட்டுப்படும் என்பதை ஆய்வுக்கூடம் சொன்ன பிறகே மருத்துவரால் சரியான மருந்தை உறுதிசெய்ய முடிகிறது. ஆனால், மருத்துவமனையில் நுண்ணுயிரியல் சிறப்பு மருத்துவர் ஆவதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். அறிவியல் பட்டதாரிக்கு உரியது ஆய்வுக்கூடப் பணி. இந்த வேறுபாட்டை மகளுக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவமனைக்கு வெளியே களம் இன்னும் பெரிது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும், 2003இல் அறிமுகமான புதுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வு வடிகட்டிகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பே கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். டெங்கிக் கொசுவை ஒடுக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வெளியில் விட்டுவரும் ஆண் கொசுக்களுக்குள் இருப்பதும் வொல்பாக்கியா என்னும் பாக்டீரியாதான். அவற்றோடு இணையும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிவதில்லை. 2015இல் பச்சை மீன் உண்டவர்களிடையே பரவிய கடும் தொற்றுக்கு பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா காரணம் என்று தெரிந்த பிறகு, நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணும் உணவாக விற்பதற்குத் தடை வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களுக்கு இப்படிக் கிருமியைக் கண்டறியும் கண்கள் எப்போதும் தேவை.

துவாஸில் உள்ள மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலும் வேலை உண்டு. அங்கே பொறுமைதான் முதல் தகுதி: ஊசிமருந்தில் கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் வழக்கமான சோதனையில், மாதிரியைக் கிருமிகள் வளர ஏற்ற வளர்ப்பூடகத்தில் இட்டு 14 நாள் கவனிக்க வேண்டும், கடைசிவரை எதுவும் வளராமல் இருந்தால்தான் மருந்து தேறும். அதே சோதனையை அடுத்த வாரமும் சலிக்காமல் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் மகள் அறிந்திருக்கட்டும்.

ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால், நன்யாங்கில், பரப்புகளில் ஒட்டிக் கூட்டமாக வளரும் நுண்ணுயிர்ப் படலங்களை ஆராயும் மையம் ஒன்று 2011 முதல் இயங்கிவருகிறது. முனைவர் பட்டத்திற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், முதலில் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பல்கலைக்கழகத் திறந்தநாள் நிகழ்வுக்குச் செல்லும்போது, மாணவர்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் இருப்பார்கள், வேலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்பப்படுவார்கள் என்ற இரண்டையும் மகளே கேட்கட்டும்.