"ஜிப்சி மேஜர்னு அச்சு இருக்கு, முதல் உலகப் போர் சாமானா?"

கேள்வி: காரைக்குடியில பழைய சாமான் கடையில ஆறடிக்கு மேல நீளமா ஒரு மர ப்ரொப்பெல்லர் வாங்கினேன். முதல் உலகப் போர் விமானத்தோடதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நடுவுல ஜிப்சி மேஜர்னும் சில நம்பரும் அடிச்சிருக்கு, பிளேடு ஓரத்துல பித்தளைத் தகடு. நிஜம்தானா, என்ன விலை போகும்? நடு ஓட்டையைப் பெருசாக்கி கடிகாரம் மாட்டலாம்னு மருமகன் சொல்றார்.

பதில்: மருமகன் கையில டிரில் மெஷினைக் குடுத்துடாதீங்க, மொதல்ல அது.

கடைக்காரர் கதை அந்த அச்சுலயே உடைஞ்சு போச்சு. போர் முடிஞ்சது 1918ல, ஜிப்சி மேஜர் இன்ஜின் வந்ததே 1932லதான். ஆனா வருத்தப்படாதீங்க, டைகர் மாத் விமானத்துல இருந்த 130 குதிரைத்திறன் இன்ஜின் அது, நம்ம நாட்டு ஃப்ளையிங் கிளப்கள்லயும் ஓடின விமானம், அதனால ஒண்ணு இங்க கிடைக்கறதுல ஆச்சரியமே இல்ல. ஹார்னெட் மாத், மைல்ஸ் மஜிஸ்டர்லயும் இதே இன்ஜின்தான்ங்கறதால பேரை மட்டும் வச்சு எந்த விமானம்னு முடிவு பண்ணிடாதீங்க, நடுவுல அடிச்சிருக்கற டிராயிங் நம்பர், அதாவது எந்த வரைபடத்தை வச்சு செஞ்சதுங்கற நம்பர்தான் இதுக்கு ஜாதகம். மொபைல் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா மங்கின எழுத்தும் தெரியும். நம்பரோட இங்கிலீஷ் எழுத்து D இருந்தா விட்டம், P இருந்தா பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னாடி போகணும்ங்கற கணக்கு.

அச்சை யார் வேணா புதுசா அடிக்கலாம், அதனால இதைச் செய்ங்க. வளைஞ்சு புடைச்ச பக்கம் உங்களைப் பார்க்குற மாதிரி நிக்க வைங்க. மேல் பிளேடுல பித்தளை ஓரம் உங்க வலது கைப்பக்கம் வரணும், ஏன்னா ஜிப்சி மேஜர் விமானி பக்கத்துல இருந்து பார்த்தா இடது பக்கமா சுத்துற இன்ஜின். மாறி இடப்பக்கம் வந்தா அச்சு பொய். அப்புறம் பிளேடு நுனித் தகடுல ஊசி ஓட்டைங்க இருக்கான்னு பாருங்க, உள்ள சேர்ற ஈரம் சுத்துற வேகத்துல வெளிய போறதுக்காக போட்டது, அலங்காரத்துக்கு செஞ்சு விக்கிறவங்க பெரும்பாலும் இதுக்கெல்லாம் மெனக்கெடறதில்ல.

விலையை ரெண்டு பிளேடும் வெட்டுப்படாம இருக்கா, பழைய வார்னிஷ் அப்படியே இருக்கா, எந்த விமானம்னு உறுதியாச்சா, இதெல்லாம்தான் தீர்மானிக்கும். தேய்ச்சு பளபளன்னு ஆக்கினா, கடிகார ஓட்டை போட்டா விலை இறங்கிடும். ஆன்லைன்ல ஆள் ஆளுக்கு கேக்குற விலையை நம்பாதீங்க, ஏலத்துல வித்து முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க. வெளிநாட்டுக்கு விக்கணும்னா, 100 வருஷம் தாண்டின பழம்பொருளை தனியார் அனுப்ப 1972 சட்டம் விடாது. உங்களுது அவ்வளவு பழசில்ல, ஆனாலும் தொல்லியல் துறைகிட்ட 'பழம்பொருள் இல்லை'ன்னு சர்டிபிகேட் வாங்கிட்டா கஸ்டம்ஸ்ல சிக்கல் வராது.

வீட்லயே வச்சுக்கறதா இருந்தா படுக்கை வசமா மாட்டுங்க, நிக்க வச்சா ஈரம் கீழ் பிளேடுலயே இறங்கி நிக்கும். கடிகாரத்தை எதிர் சுவத்துல மாட்டச் சொல்லுங்க.