செப்பாங் ஓட 86-ஐத் தயார் செய்வது: சஸ்பென்ஷன் கேள்வி பதில்

டொயோட்டா 86, ஜிஆர் 86 வைத்துக்கொண்டு மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வேறு கார் வைத்திருக்கும் இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்து. என்னைப் பொறுத்தவரை சஸ்பென்ஷனுக்கு ஒரே வேலைதான்: நான்கு டயரையும் தரையோடு நன்றாகப் பதிய வைப்பது. எந்தப் பாகத்தை வாங்கலாமா என்று கேட்டாலும் அந்தக் கணக்கில்தான் பதில் சொல்வேன்.

கிள்ளானில் இருந்து: அண்ணே, என்னுடையது 2013 மாடல் 86. முதல் டிராக் டே முடித்துவிட்டேன். கையில் ஐயாயிரம் வெள்ளி இருக்கிறது. நேராக ஹை-லோ அட்ஜஸ்டபிள் (காயில்ஓவர், உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்) போட்டுவிடலாமா?

இப்போதே வேண்டாம் தம்பி. முதலில் பிரேக். செப்பாங்கின் நேர்பாதை முடிவில் 180-ஐத் தாண்டிய வேகத்தில் வந்து முதல் வளைவுக்காக அழுத்திப் பிடிக்கிறீர்கள். சாதாரண பேடும் பழைய ஆயிலும் சில சுற்றுகளில் சோர்ந்துவிடும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிவிட்டால் அதே விதி 155 டிகிரிதான் கேட்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் டிராக் பேடும் புது ஆயிலும் முதல் செலவு.

அடுத்தது டயர். 86 வந்த புதிதில் பல நாடுகளில் 17 அங்குலச் சக்கரத்தோடு மிஷலின் பிரைமசி போட்டுத்தான் கொடுத்தார்கள். வேகம் கம்மியாக இருக்கும்போதே கார் வழுக்கி விளையாட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தது அது. நல்ல பிடிப்புள்ள டயர் ஒரு செட் போட்டாலே கார் வேறு மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. தொழிற்சாலையில் இருந்து வரும்போது முன் சக்கரத்தின் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் காரின் உள்ளே சாயும் கோணம், ஏறக்குறைய பூஜ்யம். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக இருப்பது) என்பதால் வளைவில் கார் சாயும்போது சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் வெளி ஓரம் மட்டும் தரையைத் தேய்க்கும். செப்பாங்கின் 15 வளைவுகளில் 10 வலப்பக்கம் திரும்புபவை. உங்கள் காரின் இடது முன் டயரைப் போய்ப் பாருங்கள். வெளித் தோள் மொட்டையாகி, உள்பக்கம் கிட்டத்தட்ட புதிதாக இருக்கும்.

இவ்வளவும் செய்தபிறகு மிச்சம் இருக்கும் பணத்தை எடுத்து வையுங்கள். ஐந்தாறு டிராக் டே ஓடியபின் கார் எங்கே தடுமாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது கேளுங்கள்.

ஈப்போவில் இருந்து: கேம்பர் எடுக்க கேம்பர் போல்ட் போதுமா, கேம்பர் பிளேட்தான் வேண்டுமா?

எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்தது. போல்ட் விலை குறைவு, சுமார் ஒன்று, ஒன்றரை டிகிரி கிடைக்கும். சாலை டயரோடு எப்போதாவது ஓடுபவருக்கு அதுவே நல்ல தொடக்கம். ஆனால் போல்ட் போடும்போது சக்கரம் ஸ்ட்ரட்டின் அடியில் சாய்கிறது. டயரின் மேல் ஓரம் ஸ்ட்ரட்டை நெருங்கும். அகல டயர் போட்டிருந்தால் உரசலாம். பிளேட் ஸ்ட்ரட்டின் தலையை உள்ளே நகர்த்துவதால் அந்த இடைவெளி மாறாது, மூன்று டிகிரி வரை போகலாம். நல்ல பிடிப்புள்ள டயரோடு செப்பாங் ஓடும் 86-க்கு முன்னே இரண்டரையில் தொடங்கி மூன்று வரை, பின்னே இரண்டு சுற்றி வைப்பது என் வழக்கம். பின்பக்கத்தில் கேம்பரைத் திருத்தத் தொழிற்சாலை வழி எதுவும் வைக்கவில்லை. நீளம் மாற்றக்கூடிய கீழ்க்கை (சக்கரத்தை அடியில் பிடிக்கும் லோவர் ஆர்ம்) வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒன்று முக்கியம். கேம்பரை மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். கேம்பரை மட்டும் தொட்டுவிட்டு டோ பார்க்காமல் ஓட்டினால் ஒரே நாளில் டயரின் உள் ஓரம் போய்விடும். முன்னே டோ பூஜ்யம், பின்னே மிகச் சிறிய டோ-இன் (முன்முனை உள்ளே), அவ்வளவுதான்.

ஷா ஆலமில் இருந்து: கடைக்காரர் முன்னே 12, பின்னே 10 கிலோ ஸ்பிரிங் போட்ட செட்டைத் தருகிறேன் என்கிறார். "டிராக் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும்" என்கிறார். சரியா?

சரியில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பெரும்பாலானோர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் எண் ஸ்பிரிங்கின் விறைப்பு, அதாவது அது ஒரு மி.மீ. அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. டயருக்குத் தெரிவது சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு. 86-இன் முன்பக்கத்தில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டிலேயே இருப்பதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் கைகள் சக்கரத்தைப் பிடிப்பது). அங்கே சக்கரம் 4 செ.மீ. ஏறினால் ஸ்பிரிங் ஏறக்குறைய 3 செ.மீ. தான் அமுங்கும். விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். முக்காலை முக்காலால் பெருக்கினால் 0.56. ஆக, பின்னே 10 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் ஐந்தரை கிலோதான். முன்னே 12 கிலோ கிட்டத்தட்ட 11. முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு மடங்கு விறைப்பு! வளைவுக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் நேராகப் போகப் பார்க்கும்.

அப்புறம் 12 கிலோ என்ற அளவே தேவையா என்று பாருங்கள். முன் மூலை ஒன்றில் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 300 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், 12 கிலோ ஸ்பிரிங்கோடு அந்த மூலை நொடிக்கு மூன்று முறை ஆடும். அது ஸ்லிக் டயரும் பெரிய விங்கும் உள்ள காருக்கு உரிய விறைப்பு. சாலை டயரில் ஓடும் காருக்கு நொடிக்கு இரண்டு முறையைச் சுற்றி இருந்தாலே தாராளம். கணக்குப்படி முன்னே 6 கிலோ, பின்னே 7 அல்லது 8 கிலோ போட்டால் அந்த இடத்துக்கு வரும். டிராக் டயர் போட்டு வருடம் முழுக்க ஓடுபவர் இரண்டு பக்கமும் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏற்றிக்கொள்ளலாம். அளவுக்கு மீறி விறைத்த கார் தடத்தின் ஓர மேடான கெர்ப் ஏறும்போது டயரைத் தரையில் இருந்து தூக்கிவிடும். காற்றில் இருக்கும் டயருக்குப் பிடிப்பு எங்கிருந்து வரும்?

நல்ல டேம்பரில் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) பணத்தைப் போடுங்கள். மலிவான செட்டில் விறைத்த ஸ்பிரிங்கை அடக்க டேம்பரால் முடியாது. இருபது நிமிட ஓட்டத்தின் கடைசியில் ஆயில் சூடாகிக் கார் மிதக்க ஆரம்பிக்கும். விற்பவரிடம் டேம்பருக்கு டைனோ சீட்டு (இயந்திரத்தில் சோதித்த அளவுப் பதிவு) இருக்கிறதா, ஓவர்ஹால் செய்ய உள்ளூரிலேயே ஆள் உண்டா என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராத செட்டை நான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொட மாட்டேன்.

அதே நண்பர்: சரி, எவ்வளவு இறக்கலாம்?

20 மி.மீ. சுற்றி. 30-க்கு மேல் போகாதீர்கள். மெக்ஃபர்சன் காரை அதிகம் இறக்கினால் கீழ்க்கை வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது ரோல் சென்டர் (கார் சாயும்போது சுழலும் புள்ளி), காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். விளைவு: தாழ்வாக இருக்கும் கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். போதாததற்கு ஸ்ட்ரட் முழுக்க அமுங்கி, அதன் தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் மோதும். மோதுகிறதா என்று தெரிய ஒரு எளிய வழி: டேம்பர் தண்டு வெளியே தெரிகிற செட்டாக இருந்தால் அதில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்போடு ஒட்டி நசுங்கி இருந்தால் காரை ஏற்ற வேண்டும்.

பினாங்கில் இருந்து: ஆன்ட்டி ரோல் பார் மாற்றினால் போதும் என்கிறார்களே?

இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பிதான் இந்த பார். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 18 மி.மீ. பாரை 20 ஆக்கினால் பார்ப்பதற்கு இரண்டே மி.மீ., விறைப்பு பாதிக்கு மேல் கூடிவிடும். 86-இல் முன் பாரைக் கொஞ்சம் பெரிதாக்குவது பலன் தரும். சாய்வு குறைவதால் முன் டயர் நிமிர்ந்து நிற்கும். பின் பாரை மட்டும் தடித்ததாக மாற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வளைவின் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிடும். 86-இல் பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டோர்சன் டிஃப், ஒரு சக்கரம் காற்றில் இருந்தால் மற்றதற்கு விசை அனுப்ப முடியாமல் தவிக்கும். வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் நகராததுபோல் இருந்தால் காரணம் இதுதான்.

சிங்கப்பூரில் இருந்து: என்னுடையது மஸ்டா எம்எக்ஸ்-5 என்டி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். உங்கள் காரில் முன்னே டபுள் விஷ்போன், பின்னே மல்டிலிங்க். கேம்பர் திருத்தும் போல்ட் தொழிற்சாலையிலேயே வைத்திருக்கிறார்கள், பிளேட் தேவையில்லை. முதலில் அலைன்மென்ட் மேசையில் வைத்து எவ்வளவு கேம்பர் கிடைக்கிறதோ அவ்வளவையும் எடுங்கள். கார் எடை குறைவு, ஸ்பிரிங் மென்மை, அதனால் நிறையச் சாயும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சாய்வு குற்றமில்லை. நல்ல டேம்பர் போட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சென்னையில் இருந்து: வணக்கம் சார். போர்ஷே 981 கேமன் வைத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடுகிறேன். கேம்பர் போதவே இல்லை.

கேமனுக்கு முன்னும் பின்னும் ஸ்ட்ரட்தான், அதனால் இந்தப் பசி இருக்கும். போர்ஷேயின் ஜிடி3 வகையில் வரும் இரண்டு துண்டுக் கீழ்க்கையைப் போடுவது உலகம் முழுக்க எல்லோரும் செய்வது. நடுவே ஷிம் (மெல்லிய தகடு) செருகினால் கேம்பர் வேண்டிய அளவு வரும். ஷிம்களைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். மற்ற எல்லாவற்றையும் அதற்கு அப்புறம் யோசியுங்கள்.

கோலாலம்பூரில் இருந்து: 13-ஆம் வளைவு தாண்டி 14-க்கு பிரேக் பிடிக்கும்போது என் 86-இன் பின்பக்கம் விலகுகிறது. காயில்ஓவர் போட்ட பிறகுதான் இப்படி.

அந்த இடம் எல்லாக் காரையும் சோதிக்கும். வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கிறீர்கள். எடை முழுக்க இடது முன் மூலைக்குப் போய், வலது பின் டயர் இறகாகிவிடும். அந்த நேரத்தில் பின் டேம்பரின் ரீபவுண்ட் (அது விரியும்போது தரும் எதிர்ப்பு) அதிகமாக இறுக்கி இருந்தால், டயர் கீழே இறங்கித் தரையைத் தொடுவதைத் தடுக்கும். புதிதாகப் போட்டவர்கள் டேம்பர் திருகின் எல்லாக் கிளிக்கையும் இறுக்கத்தில் வைத்துவிடுவார்கள். நீங்களும் அப்படி வைத்திருந்தால் பின்னே மட்டும் இரண்டு கிளிக் தளர்த்தி மூன்று சுற்று ஓட்டுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசி வரை தெரியாது. அதற்கும் மசியவில்லை என்றால் பின் டோவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காரை இறக்கியபோது டோ-அவுட் ஆகியிருந்தால் இதே அறிகுறிதான் வரும்.

அதே இடத்தில் இருந்து இன்னொருவர்: டயர் சூடு, காற்றழுத்தம் எப்படிப் பார்ப்பது?

பிட்டுக்குள் வந்த உடனே, நடுவில் குளிரவைக்கும் சுற்று போடாமல், ஊசி முனை உள்ள பைரோமீட்டரால் (வெப்பம் அளக்கும் கருவி) டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளந்து எழுதுங்கள். வெளி ஓரம் அதிகச் சூடு என்றால் கேம்பர் போதவில்லை. நடு அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். உள் ஓரம் ஐந்து முதல் பத்து டிகிரி கூட இருந்தால் நல்ல நிலை. டயருக்குள் காற்று ஐந்தாறு டிகிரி சூடேறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும். அதனால் குளிரில் 28 வைத்துத் தொடங்கி, சூட்டில் 34 சுற்றி நிற்கிறதா என்று பாருங்கள்.

மழை வந்தால்?

செப்பாங்கில் பிற்பகல் மழை வழக்கம்தானே. டேம்பரைத் தளர்த்துங்கள், பார் திருத்தக்கூடியதாக இருந்தால் பின் பாரை மென்மையான துளைக்கு மாற்றுங்கள். டயர் சூடேறாது என்பதால் தொடக்கக் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். கேம்பரைத் தொட நேரம் இருக்காது, விட்டுவிடலாம்.

ஜிஆர் 86, ஸ்ட்ரட் பார், பாலியுரிதேன் புஷ் பற்றிப் பலர்:

இரண்டு ஸ்ட்ரட்டின் தலைகளையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார் 86-க்குப் பெரிதாக எதுவும் செய்யாது. சஸ்பென்ஷன் கைகளின் இணைப்பில் இருக்கும் புஷ், பழைய ரப்பர் பிய்ந்திருந்தால் மாற்றுங்கள். பாலியுரிதேன் போட்டால் கிரீஸ் வைத்துப் பராமரிக்க வேண்டும், இல்லையென்றால் இறுகிக் கீச்சிடும்.

ஜிஆர் 86 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட வலது வளைவுகளில் எஞ்சின் ஆயில் அழுத்தம் சரிவதைப் பல உரிமையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிடிப்பு கூடக் கூட அந்த ஆபத்து கூடும். 7, 8 என்று அடுத்தடுத்து வலப்பக்கம் திரும்பும் டிராக்கில் ஒட்டும் டயரும் நல்ல காயில்ஓவரும் போடுவதற்கு முன்னால் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றைப் போடுங்கள். ஆயில் அளவை மேல் கோட்டில் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.