பரணில் இருப்பது கூகைதான்

உங்கள் வீட்டுப் பரணில் தங்கியிருக்கும் பறவைக்கு இதய வடிவ வெள்ளை முகம், கருங்கண்கள், பாம்புபோல் சீறும் ஒலி என்று எழுதி, அது வெளிநாட்டுப் பறவையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பரணில் இருப்பது கூகை என்னும் ஆந்தைதான், வெளிநாட்டுப் பறவை அன்று. புள்ளி ஆந்தையும் அன்று; அதற்குக் கண்கள் மஞ்சள். உடலும் மிகச் சிறியது. கூகை சுமார் 35 செ.மீ. நீளம் இருக்கும். முதுகில் பொன்னிறமும் சாம்பலும் கலந்து, நுண்ணிய புள்ளிகள் தூவியிருக்கும். என்ன அழகான இறகு அது! வயிறு வெண்மை. மார்பில் புள்ளிகள் நிறைய இருந்தால் பெரும்பாலும் பெண் பறவை. இறகு விளிம்பின் மென்மையான தொங்கல்களால்தான் ஓசையின்றிப் பறக்கிறது. சீறுவது அச்சத்தால். தயவுசெய்து விரட்டாதீர்கள், குஞ்சுகள் இருக்கலாம். காயம்பட்டிருந்தால் மட்டும் வனத்துறையை அழையுங்கள்.