ஊரடங்கில் கட்டிய ஓடிடி சந்தா: இன்னும் பணம் பிடிக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கு தொடங்கியதும் ஒரு ஓடிடி தளத்தில் ஹெச்.டி. ஆண்டுச் சந்தா கட்டினேன். செல்போனில் படம் மங்கலாகத்தான் வந்தது. வெறுத்துப்போய் செயலியை அழித்துவிட்டேன். ஆனாலும் ஆண்டுதோறும் என் கார்டிலிருந்து பணம் போயிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் திரும்பப் பெற முடியுமா?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனால் இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் காலம் கடந்துவிட்டது, மற்றொன்றுக்கு உயிர் இருக்கிறது.

இணைய நெரிசலைக் குறைக்க, அந்த மார்ச் மாதம் பெரிய தளங்கள் கூடிப் பேசி மொபைல் நெட்வொர்க்கில் படத்தின் தரத்தை ஹெச்.டி.யைவிடக் குறைந்த 480பி அளவுக்குக் குறைத்தன. மங்கலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு 2 ஆண்டுகள். பெருந்தொற்றுக்காக உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கியது. அந்தச் சலுகையைச் சேர்த்தாலும் 2024 பிப்ரவரியோடு காலம் முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வழி உண்டு என்றாலும், இதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன்.

பணப்பிடித்தம் அப்படியல்ல. ஒவ்வொரு புதுப்பிப்பும் தனி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடத் தனிக் காரணம் என்று வாதிடலாம். ஆகவே கடைசி 2 ஆண்டுகளில் போன தொகையைக் கேளுங்கள்.

செயலியை அழிப்பது சந்தாவை ரத்து செய்வதாகாது; எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் சொல்லும். உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1.10.2021 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானியங்கிப் பிடித்தத்துக்கு ஓடிபி போட்டு ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும். 2021 அக்டோபருக்குப் பிறகு நீங்கள் அப்படி ஓடிபி கொடுத்தீர்களா? ஒப்புதல் பதிவான தேதியையும், முன்னறிவிப்பு அனுப்பிய விவரத்தையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முன்னறிவிப்பு வந்தும் கவனிக்காமல் விட்டிருந்தால் வழக்கு வலுவிழக்கும், அதை மறைக்காதீர்கள்.

அடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். போனின் ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் பணம் பிடிப்பது ஸ்டோர்தான். ரத்து செய்ய வேண்டியதும் அங்கேதான். இதைப் பார்க்காமல் தவறான நிறுவனத்தின் மீது புகார் போடுகிறவர்கள் நிறைய.

பார்வை வரலாற்றுப் பக்கத்தையும் பில்லிங் பக்கத்தையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பல ஆண்டுகளாக ஒரு படம்கூடப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மின்னணு ஆவணங்களுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலேயே பல புகார்கள் தீர்ந்துவிடும். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக மனு போடுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வேறு ஊர் நீதிமன்றம்தான், நடுவர் மன்றம்தான் என்று சந்தா நிபந்தனையில் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது. மனுவில் பணத்தோடு, மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, இன்றே வங்கிச் செயலியில் அந்தத் தானியங்கி ஒப்புதலை ரத்து செய்து, ரத்தான செய்தியைப் பத்திரப்படுத்துங்கள்.