உப்புக்காற்றும் பிளாட்வுண்ட் தந்தியும்: ஃபிரெட் இல்லாத பேஸ் கிட்டார் பற்றிச் சில கேள்விகள்

மண்டபத்திலிருந்து தொண்டி வரை, விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளைக் கழற்றிவிட்டு பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். தந்தி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து விழுந்த கேள்விகளைப் பார்த்தால் என் கணக்கு தப்பு. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு எழுதுகிறேன்.

தங்கச்சிமடம், ஆலயப் பாடகர் குழு: அண்ணே, பழைய பேஸ் ஒன்றின் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்துவிட்டேன். முன்பிருந்த ரவுண்ட்வுண்ட் தந்தியையே மாட்டினேன். இரண்டே மாதத்தில் பலகையில் வரிவரியாகக் கோடு விழுந்துவிட்டது. தந்தியின் குற்றமா, மரத்தின் குற்றமா?

இரண்டையும் சேர்த்துவைத்த உங்கள் குற்றம், தம்பி. தடித்த ஈ தந்தியின் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். கரகரவென்று அரத்தைத் தேய்ப்பது போல இருக்கும். உருண்டைக் கம்பியை நெருக்கிச் சுற்றியிருப்பதால் மேடும் பள்ளமும். முன்பு அந்த அரம் ஃபிரெட்டின் உலோகத்தில் உரசியது, இப்போது மரத்தில் உரசுகிறது. சுரத்தை அசைத்து அசைத்து வாசிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் அறுக்கும்.

பிளாட்வுண்டில் வெளிச்சுற்று தட்டையான உலோக நாடா. நகம் வழுக்கிக்கொண்டு போகும். வயலின் தந்தியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வயலினுக்கும் டபுள் பேஸுக்கும் வரும் சுற்றுத் தந்திகள் பெரும்பாலும் இப்படித் தட்டைதான். விழுந்த கோடுகள் மெலிதானவை என்றால், பலகையின் வளைவை மாற்றாமல் மிக நைசான உப்புத்தாளால் தேய்த்தாலே மறையும்.

பாம்பன்: ஃபிரெட் இல்லாத பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வுண்ட்தானே வாசித்தார்? படகுக்குப் பூசும் பிசினை விரல்பலகையில் பூசினாராமே. எங்கள் தெருவிலேயே ஃபைபர் படகு பழுதுபார்க்கிறார்கள். ஒரு குவளை ரெசின் வாங்கி ஊற்றிவிடவா?

ஊற்றிவிடாதீர்கள். கதை உண்மைதான். ஃப்ளோரிடாவின் கடற்கரை ஊரில் வளர்ந்த ஜாக்கோ, தன் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பலகையில் படகுக்கான எபாக்சி என்ற பிசினைப் பூசி, அதன் மேல் ரோட்டோசவுண்ட் கம்பெனியின் ஸ்விங் பேஸ் ரவுண்ட்வுண்ட் மாட்டினார். 1976இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டில் கேட்கும் அந்தப் பளபளப்பு, கெட்டியான மேற்பூச்சும் கரடுமுரடான தந்தியும் சேர்ந்து கொடுத்தது.

நம் கரையில் ஃபைபர் படகு ஒட்டுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அது வேறு, எபாக்சி வேறு. பட்டறைப் பக்கம் போனாலே மூக்கைத் துளைக்கிறதே, அந்த நெடி பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனுடையது. இறுகும்போது அது சுருங்கும். எண்ணெய்ப்பசை உள்ள ரோஸ்வுட் மரப் பலகை மேல் சரியாகப் பிடிக்காமல் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். எபாக்சியே கிடைத்தாலும் அதைச் சமமாக இழைத்து மெருகேற்றுவது பல நாள் வேலை. பிளாட்வுண்ட் மாட்டுகிறவருக்கு அந்தப் பாடே வேண்டாம்.

கீழக்கரை: காக்கா, எந்தக் கம்பெனித் தந்தி வாங்குவது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொன்னால் இழுவிசையைப் பார்த்து வாங்குங்கள், பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். இனி மற்ற வரிகள்.

உறையில் 45-105 என்று போட்டிருப்பது ஜி தந்தியிலிருந்து ஈ தந்தி வரையிலான தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். இந்த எண் ஒன்றாக இருந்தாலும் கைக்கு ஒன்றாக இருக்காது. உருண்டைக் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே காற்று நிற்கிறது. நாடாச் சுற்றில் அந்த இடமும் உலோகம். எனவே அதே தடிமனில் பிளாட்வுண்ட் கனமாக இருக்கும், கனமானதை அதே சுதிக்குக் கொண்டுவர அதிகம் இழுக்க வேண்டியிருக்கும். உள்ளே ஓடும் நடுக்கம்பியின் தடிமனும் இந்தக் கணக்கில் சேரும்.

டி'அடாரியோ குரோம்ஸ் 45-100 விறைப்பாக இருக்கும். பிளாட்வுண்டுகளில் பிரகாசமான ஒலி உடையது, புதிதாக இருக்கும்போது கொஞ்சம் கூர்மையாகவே ஒலிக்கும். வியன்னாவில் செய்யப்படும் தோமாஸ்டிக் ஜாஸ் பிளாட்ஸ் 43-100 நேர்மாறு. தளதளவென்று விரலுக்கு வளைந்துகொடுக்கும், நடுத்தர சுரங்கள் பேசும். விலை கையைக் கடிக்கும். லா பெல்லாவின் மெல்லிய செட் 43-104, ஆழமான, பழைய காலத்து ஒலி. அதே நிறுவனத்தின் 52-110 செட் அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களில் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த தடிமன். அவர் வாசித்தது ஃபிரெட் உள்ள பிரிசிஷன் பேஸ் என்பதை மறந்துவிட்டு, ஃபிரெட் இல்லாததில் அதை மாட்டி விரல் வீங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஃபிரெட் இல்லாததில் முதல் முறை என்றால் நான் மெல்லிய, இளகிய பக்கம்தான் தள்ளுவேன். தந்தி பலகையோடு லேசாக உரசி 'ம்வா' என்று வாய் திறக்குமே, அந்த ஒலிக்காகத்தானே ஃபிரெட்டைக் கழற்றினோம். ஓங்கி இழுத்து வாசிக்கிறவர் மட்டும் விறைத்த செட் வாங்கட்டும்.

மூக்கையூர்: எங்கள் வீட்டிலிருந்து அலை நாற்பது அடி. எந்தத் தந்தி துருப்பிடிக்காது? தேங்காய் எண்ணெய் தடவிவைத்தால் ஆகாதா?

ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கில் உப்பும் தூசியும் ஒட்டிக்கொண்டு, ஒரு மாதத்தில் தந்தியில் சிக்கு வாடை வரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கிட்டாரைச் சுவரில் மாட்டிவைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் நாடா சுற்றிய பிளாட்வுண்ட் வியர்வையையும் உப்பையும் நன்றாகத் தாங்கும், அழுக்கு தங்கப் பள்ளமும் குறைவு. உங்கள் தூரத்துக்கு நைலான் நாடா சுற்றிய கறுப்புத் தந்தியையும் யோசிக்கலாம். உள்ளே உலோகம் இருப்பதால், உலோகத்தின் அதிர்வைப் பிடிக்கும் சாதாரண பிக்கப்பே அதன் ஒலியை எடுத்துக்கொள்ளும். ஆனால், நம் கரையில் தந்திக்கு முன்பே, உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகாணிகள் இறுகிப்போகின்றன. தந்தி மாற்றும் நாளில் அவற்றுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

தேவிபட்டினம்: பழைய தந்தியை வெந்நீரில் கொதிக்கவைத்தால் புதிது போல ஆகுமாமே?

ரவுண்ட்வுண்டுக்குச் சில நாள் உயிர் வரும். பிளாட்வுண்டை எதற்குக் கொதிக்கவைக்க வேண்டும்? அது மங்கிய பிறகுதான் பலருக்குப் பிடிக்கவே செய்கிறது.

தொண்டி, மெல்லிசைக் குழு: திருவிழாக்களில் வாசிக்கிறோம். பிளாட்வுண்ட் மாட்டிய பிறகு பேஸ் கேட்கவே இல்லை என்கிறார்கள்.

எதில் கேட்கவில்லை? தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் என்றால் தந்தியைக் குறைசொல்ல வேண்டாம். திறந்த ஈ தந்தி நொடிக்கு 41 அதிர்வு. அதை அந்தக் குழாய் எந்தத் தந்தியிலிருந்தும் வெளியே விடாது. ரவுண்ட்வுண்டில் நீங்கள் கேட்டது மேலே ஒலித்த கரகரப்பைத்தான். பெரிய பெட்டி ஒலிபெருக்கி வைக்க முடியாது என்றால், கைப்பிடியின் முனைப் பக்கம் போகாமல் பிரிட்ஜுக்கு அருகில் மீட்டுங்கள், நடு அலைவரிசையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் சுற்றிய பின் மேற்புறத்தை வழவழப்பாக்கிய ஹாஃப்ரவுண்ட் தந்தி ஒரு சமாதானம். எனக்கு அதன் மேல் பெரிய பிரியமில்லை.

ராமநாதபுரம்: புது பிளாட்வுண்ட் செட் வாங்கிவிட்டேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வெட்டும் முன் மடக்குங்கள். என் முதல் செட்டில் ஏ தந்தி நீளமாக இருக்கிறதே என்று கட்டிங் பிளேயரை எடுத்து நேராக நறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நாடா நடுக்கம்பியை விட்டு நழுவி இளகியது. அதன் பிறகு என்ன முறுக்கினாலும் ஈரச் சாக்கைத் தட்டியது போலத்தான் ஒலித்தது. தந்தியை இழுத்துப் பிடித்து, முறுக்காணியைத் தாண்டி நான்கு விரற்கடை விட்டு, அங்கே செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிப்பு முறுக்காணியின் துளைக்குள் போக வேண்டும்.

பழைய தந்திகளை ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு நாள் விட்டு கைப்பிடியின் வளைவைப் பாருங்கள். விறைத்த செட் என்றால் முன்னோக்கி வளைந்திருக்கும். கைப்பிடிக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள். கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட் இருந்த இடத்துக் கோட்டின் மேலேயே விரலை வைத்து சுதி பாருங்கள். ஃபிரெட் இருந்தபோது கோட்டுக்குப் பின்னால் அழுத்திய பழக்கத்தில் வைத்தால் சுரம் இறங்கியே நிற்கும், நீங்கள் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.